ரோமாபுரி ராணிகளின் கொண்டை

ரோமாபுரிக்குப் போகிறவர்கள் கொலோசியம் பார்ப்பார்கள், வாடிகன் பார்ப்பார்கள், திரேவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு காசை வீசிவிட்டு வருவார்கள். நானும் இதையெல்லாம் தவறாமல் செய்தேன். ஆனால் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பிய பிறகு என் மனசில் நிற்பது இவை எதுவும் இல்லை. பச்சை பூத்த பழைய காசுகளும், அவற்றில் இருக்கும் ராணிகளின் கொண்டைகளும்தான்!

காசில் போய்க் கொண்டையா என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக் காசு. எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. அது யாருடைய காலத்துக் காசு என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்போது கை கொடுப்பது அந்தக் கொண்டைதான். தலை வாரிப் பின்னத் தெரிந்த நம் எல்லோருக்கும் சுலபமாக வரக்கூடிய வித்தை இது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் கொழுந்தனார். ரோமில் வேலை பார்க்கிறார். பழங்காசு என்றால் அவருக்கு உயிர். இத்தாலியில் மண்ணிலிருந்து கிடைக்கும் பழம்பொருள் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதனால் கடையில் முறையாக ரசீது போட்டு வாங்கிய நாலைந்து காசுகள்தான் அவரிடம் உண்டு. நான் போய் இறங்கிய அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும், அதில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணி, இது யாருன்னு நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"லீவுல வந்தவங்களுக்கும் பரீட்சையா? அக்கா, நீங்க பேசாம தூங்கப் போங்க" என்றாள் என் ஓர்ப்படி.

காசு நல்ல கனம். ஒரு பக்கம் பெண் முகம். சுற்றிலும் இருந்த எழுத்துகளில் 'ஸ்டினா' என்று முடிகிற ஒரு துண்டு மட்டும் மிச்சம். மறுபக்கம் ஏதோ ஆசனம் மாதிரி ஒன்று. அதன்மேல் இரண்டு சின்ன மேடுகள். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். ஆனால் யாராவது விடுகதை போட்டால் விடை தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

பித்தளையா, செம்பா?

மறுநாளே டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலாஸோ மாஸிமோ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். அதன் கீழ்த்தளம் முழுக்கக் காசும் நகையும். கூட்டமெல்லாம் மேலே சிலைகளுக்கும் சுவர்ச் சித்திரங்களுக்கும் போய்விடுகிறது. கீழே நாங்களும் ஒரு காவல்காரரும்தான்!

"முதல்ல அளவைப் பாருங்க, அப்புறம் உலோகம், அப்புறம் தலை, அப்புறம் எழுத்து, கடைசியா பின்பக்கம். இந்த வரிசையை விட்டுடாதீங்க அண்ணி" என்றார்.

வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொன்னாலும், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் நல்ல காலத்தில் அது ஒரே உலோகம் இல்லை. கி.மு. 23 வாக்கில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி நாணயங்களை ஒழுங்குபடுத்தினார். அப்போது பெரிய காசுகளைப் பித்தளையிலும், சின்னதைச் செம்பிலும் அடிக்கச் செய்தார். பெரியதன் பெயர் செஸ்டர்ஷியஸ். நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருக்கும் வெள்ளி ரூபாயை விட அகலத்தில் கொஞ்சம் பெரியது. எடையிலோ அதற்கு இரண்டு மடங்கு, சுமார் 25 கிராம்! அதில் பாதி மதிப்புள்ளது டுபாண்டியஸ், அதுவும் பித்தளை. அதிலும் பாதி மதிப்புள்ளது ஆஸ், இது சுத்தச் செம்பு. இவை இரண்டும் ஏறக்குறைய நம் பத்து ரூபாய்க் காசு அளவுதான். நாலு செஸ்டர்ஷியஸ் கொடுத்தால் ஒரு வெள்ளிக்காசு; நூறு கொடுத்தால் ஒரு தங்கக்காசு.

டுபாண்டியஸும் ஆஸும் ஒரே அளவாக இருந்தால் எப்படிப் பிரிப்பது? பித்தளைக் குடத்தையும் செம்புக் குடத்தையும் பிரிக்கிற மாதிரிதான். பச்சை பிடிக்காமல் எங்காவது ஓர் ஓரம் தெரிந்தால், மஞ்சள் அடித்தால் டுபாண்டியஸ், சிவப்பு அடித்தால் ஆஸ். ராஜா தலை போட்ட காசானால் இன்னொரு வழியும் உண்டு. நீரோ காலத்திலிருந்து டுபாண்டியஸில் பெரும்பாலும் ராஜா தலையில் சூரியக் கதிர் போலக் கூர்கூரான கிரீடம் இருக்கும். மற்றவற்றில் இலை மாலை.

என் காசு பெரியது, கனமானது. ஆகவே செஸ்டர்ஷியஸ். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

தலையைப் பார்!

ராஜாக்களுக்குத் தாடி ஓர் அடையாளம். கி.பி. 117ல் பட்டத்துக்கு வந்த ஹேட்ரியனுக்கு முன்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் மழமழவென்று சவரம் செய்த முகம். தாடியை நாகரிகமாக்கியவர் ஹேட்ரியன். அவருக்குப் பின் வந்தவர்கள் ரொம்ப காலம் தாடியோடுதான் காசில் வருகிறார்கள்.

ராணிகளுக்குத்தான் கொண்டை. ராணி எப்படித் தலை வாரினாளோ அப்படியே ஊர்ப் பெண்களும் வாரிக்கொண்டார்களாம். சினிமா நடிகை கொண்டையைப் பார்த்து நம் ஊர்க் கல்யாணங்களில் போட்டுக்கொள்வதில்லையா? அது போல. அதனால் கொண்டையைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

முதல் நூற்றாண்டின் அக்ரிப்பினாவுக்கு நெற்றிப் பக்கம் சுருள் சுருளாக முடி; பின்னால் கழுத்தில் தொங்கும் ஒரு பின்னல். அந்த நூற்றாண்டின் கடைசியில் டைட்டஸ் சக்கரவர்த்தியின் மகள் ஜூலியாவுக்கு நெற்றிக்கு மேல் சுருட்டை முடி மலை போல நிற்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்ந்தாளோ! மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிரியா நாட்டிலிருந்து வந்த ஜூலியா டோம்னாவுக்குக் காதை மூடிக்கொண்டு அலை அலையாக இறங்கும் கூந்தல், டோப்பா வைத்த மாதிரி.

என் காசில் 'ஸ்டினா' என்று இருந்ததே, அது ஃபௌஸ்டினா. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். ஃபௌஸ்டினாக்கள் இரண்டு பேர், தாயும் மகளும்! தாய் அன்டோனினஸ் பயஸ் சக்கரவர்த்தியின் மனைவி. மகள் மார்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் மனைவி. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கண்ணாடிப் பெட்டிக்குள் தாயும் மகளும் இருந்தார்கள். தாய்க்குப் பின்னல்களைச் சுற்றிச் சுற்றி உச்சந்தலையில் வைத்த கொண்டை. மகளுக்குப் பின்கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, நாம் சாதாரணமாகப் போடுகிற மாதிரி அடக்கமான கொண்டை. என் காசை நினைத்துப் பார்த்தேன். கொண்டை பின்னால்தான் இருந்தது.

"தம்பி, இது மகள்!" என்றேன். காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல!

ஆசனத்தில் இரண்டு குழந்தைகள்

"சரி, பின்பக்கம்?" என்றார் கொழுந்தனார் விடாமல்.

அங்கே இருந்த காசுப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஆசனத்தின் மேல் இருந்த இரண்டு மேடுகள் இரண்டு குழந்தைகள்! தேயாத காசில் அவற்றைச் சுற்றி 'இக்காலத்தின் பாக்கியம்' என்ற பொருளில் லத்தீன் எழுத்து இருக்கும். கி.பி. 161 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஃபௌஸ்டினாவுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. அதைக் கொண்டாட அடித்த காசு அது.

அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. இரட்டையரில் ஒருவன் கொமோடஸ். பின்னாளில் சக்கரவர்த்தி ஆனவன். இன்னொருவன் நான்கு வயதில் இறந்துவிட்டான். அடுத்து ஒரு மகன். அவனுக்குக் காதுக்குக் கீழே வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஏழு வயதில் அவனும் போனான். ஃபௌஸ்டினா பன்னிரண்டுக்கு மேல் பெற்றவள். பாதிக்கு மேல் சின்ன வயதிலேயே இறந்தன. வேறொரு காசில் கைக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகள், காலடியில் நாலு குழந்தைகள் என்று ஆறு பேரோடு ஒரு தாய் நிற்கிறாள். அதிலும் 'பாக்கியம்' என்றுதான் எழுத்து.

அவளுடைய கொண்டை ஒரே மாதிரி இல்லை, பல தினுசு. ஒவ்வொரு பிரசவத்தையும் ஒட்டி அவளுக்குப் புதிய உருவம் செய்தார்கள் என்று ஃபிட்ஷென் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982ல் எழுதியிருக்கிறார். காசில் கொண்டை மாறுவது நமக்கு அழகாகத் தெரிகிறது. அவளுக்கு அது ஒவ்வொன்றும் ஒரு பிரசவம்.

என் அம்மாயி ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவள். யார் கேட்டாலும் "ஒம்பது" என்றுதான் சொல்வாள். "இருக்கறது அஞ்சுதானே ஆத்தா?" என்றால், "பெத்தது ஒம்பது" என்பாள். ரோமாபுரி ராணியும் அப்படித்தான் எண்ணியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அரண்மனையில் வைத்தியத்துக்குக் குறைவா? உலகப் புகழ் பெற்ற வைத்தியர் கேலன் மார்கஸ் அரேலியஸின் அரண்மனைக்கே வைத்தியம் பார்த்தவர். ஆனால் தடுப்பூசி என்று ஒன்று கிடையாது. சாம்ராஜ்யத்தையே ஆண்டவள் கொடுக்க முடியாத பாதுகாப்பை, இன்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் காசு கொடுக்காமலே பெறுகிறோம். தடுப்பூசி அட்டையை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும் இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவிலில் படித்த எழுத்து

இரண்டு நாள் கழித்துப் பழைய ரோமின் நடுமையமான ஃபோரம் பார்க்கப் போனோம். பெரிய பெரிய கற்கள் பாவிய தெரு. நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு போங்கள். புடவை கட்டுகிறவர்கள் கணுக்கால் தெரியவே கட்டிக்கொள்ளலாம், தப்பில்லை!

அங்கே தாய் ஃபௌஸ்டினாவுக்கு ஒரு கோவில் இருக்கிறது. கி.பி. 140 வாக்கில் அவள் இறந்ததும் கணவர் அவளைத் தெய்வமாக்கிக் கட்டத் தொடங்கிய கோவில். அதற்குப் பிறகு சுமார் இருபது வருஷம் உயிரோடிருந்த அவர், அவள் முகம் போட்ட காசுகளைத் திரும்பத் திரும்ப அடிக்கச் செய்தார். அந்தக் காசுகளில் பெயருக்கு முன்னால் 'திவா' என்று இருக்கும். நம் 'தேவி'க்கு உறவுச் சொல்தான். 'திவா' என்று கண்டால், ராணி இறந்த பிறகு அடித்த காசு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கோவில் நெற்றியில் இரண்டு வரி. கீழ் வரியில் ஃபௌஸ்டினா பெயர். அதுதான் முதலில் வெட்டியது. 161ல் சக்கரவர்த்தியும் இறந்த பிறகு அவர் பெயரை மேலே சேர்த்தார்கள். கீழ் வரியின் கடைசியில் 'எஸ், சி' என்ற இரண்டு எழுத்துகள். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பித்தளை, செம்புக் காசுகளின் பின்பக்கத்தில் பெரிதாக நிற்பவை இதே இரண்டு எழுத்துகள்தான்! 'செனட் சபையின் தீர்மானப்படி' என்று அர்த்தம். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை ரோமில் அடித்த இந்தக் காசுகளில் பெரும்பாலும் இவற்றைப் பார்க்கலாம். எல்லாம் தேய்ந்தாலும் இவை பெரிதாக இருப்பதால் கடைசி வரை நிற்கும்.

பிற்காலத்தில் அந்தக் கோவிலுக்குள்ளேயே ஒரு மாதா கோவிலைக் கட்டிவிட்டார்கள். அப்போது தரை மேடிட்டிருந்தது. பிறகு தோண்டித் தரையை இறக்கியதால், அதன் வாசற்கதவு இப்போது அந்தரத்தில் தொங்குகிறது!

அழிக்கப்பட்ட பெயர்

அதே ஃபோரத்தின் இன்னொரு கோடியில் செப்டிமியஸ் செவேரஸ் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவு. கி.பி. 203ல் கட்டியது. அவர் மனைவிதான் நான் முன்பு சொன்ன அலைக் கூந்தல் ஜூலியா டோம்னா. அவளுக்கு இரண்டு மகன்கள், கரகல்லா, கீட்டா. வளைவில் இருவர் பெயரும் இருந்தன. ஆனால் நாலாவது வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு வேறு வார்த்தைகள் போட்டிருக்கிறார்கள். பழைய எழுத்துகளைப் பொருத்திய துளைகள் இன்னும் அங்கே தெரிகின்றன. செதுக்கி எடுத்தது கீட்டாவின் பெயர். அப்பா இறந்த 211ஆம் ஆண்டின் கடைசியில், அண்ணன் ஏவிய ஆட்கள் தம்பியைத் தாய் மடியிலேயே கொன்றார்கள். தடுத்த தாயின் கையிலும் வெட்டு. அவள் அழக்கூட அனுமதி இல்லை என்று அந்தக் காலத்தில் வாழ்ந்த டியோ என்ற சரித்திர ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இவள் காசுகளைக் காலம் பிரிப்பது சுலபம். பெயரைப் பார்த்தால் போதும். ஆரம்பத்தில், 193 முதல் சில வருஷம், 'ஜூலியா டோம்னா ஆகஸ்டா'. பிறகு 211 வரை 'ஜூலியா ஆகஸ்டா'. அதற்குப் பின் 217 வரை 'ஜூலியா பியா ஃபெலிக்ஸ் ஆகஸ்டா'. ஃபெலிக்ஸ் என்றால் பாக்கியவதி என்று அர்த்தம். மகனை மடியில் பறிகொடுத்தவளுக்கு, அதற்கப்புறம் அடித்த காசில் 'பாக்கியவதி' பட்டம்!

கொழுந்தனார் இதைச் சொன்னதும் ஓர்ப்படி, "அக்கா, காசுல எழுதறதெல்லாம் அரண்மனைக் கணக்கு. அவ மனசுல இருந்த கணக்கு வேற" என்றாள். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

கொண்டை போட்ட பொம்மை

ராணிகள் கதை போதும், ஒரு சாதாரணப் பெண்ணைப் பற்றியும் சொல்கிறேன். 1889ல் டைபர் நதிக்கரையில் நீதிமன்றக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கல் சவப்பெட்டி கிடைத்தது. உள்ளே கிரெபெரேயா டிரைஃபேனா என்ற இளம்பெண். பக்கத்தில் தந்தத்தில் செய்த ஒரு பொம்மை. கை, கால், முட்டி எல்லாம் மடங்கும். பழைய மின்சார நிலையம் ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள், மான்டெமார்டினி என்று பெயர். அங்கே அந்தப் பொம்மையைப் பார்த்தோம்.

பொம்மையின் தலையில் கொண்டை. எப்படிப்பட்ட கொண்டை தெரியுமா? ஃபௌஸ்டினா காலத்துக் காசில் பார்த்த நாகரிகக் கொண்டையேதான்! அந்தப் பெண் எந்தக் காலத்தவள் என்று கணிக்க அறிஞர்களுக்கு அதுவும் உதவியிருக்கிறது. காசைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பொம்மையையும் படிக்கலாம்.

நம் கரூர்க் காசு

எனக்குப் பிறந்த வீடு கரூர். அமராவதி ஆற்று மணலில் ரோமாபுரிக் காசு கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த செப்புக் காசுகள் பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாணய ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ல் இவற்றைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

இவை நம் ஒரு ரூபாயை விடச் சின்னவை. சில சட்டைப் பொத்தான் அளவுதான். முகம் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அதனால் இந்தக் காலத்துச் சின்னக் காசுகளுக்குப் பின்பக்கம்தான் துணை. இரண்டு சிப்பாய்கள் நடுவில் கொடி, மாலைக்குள் எழுத்து, இப்படி ஒவ்வொன்றும் சில ராஜாக்களின் காலத்துக்கே உரியது. அடியில் சின்ன எழுத்துகள் இருந்தால் எந்த ஊர் அக்கசாலையில் அடித்தது என்பதும் தெரிந்துவிடும். ரோம், அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா என்று ஒவ்வோர் ஊருக்கும் தனிக் குறி.

புளி போடாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழங்காசு ஏதாவது இருந்தால், அது ரோமாபுரியானாலும் சரி, ஓட்டைக் காலணாவானாலும் சரி, தயவு செய்து புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது அழகு, காசுக்கு ஆபத்து. அந்தப் பச்சையும் பழுப்பும்தான் அதற்குக் கவசம். தேய்த்தால் கொண்டையும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம். பழங்காசைச் சம்மட்டியால் அடித்துத்தான் செய்தார்கள்.

தோட்டத்திலோ ஆற்றிலோ புதிதாகக் கிடைத்தால் ஒளித்து வைக்கக் கூடாது. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் காசு சொல்லக்கூடிய கதையில் பாதி போய்விடும்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் வேலை முடிந்ததும் பெண் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அளவு, உலோகம், தலை, எழுத்து, பின்பக்கம் என்று வரிசையாகக் கேளுங்கள். என் மகளும் நானும் இப்போது அதைத்தான் செய்கிறோம். இதுவரை எங்களிடம் இருப்பது பாட்டி கொடுத்த ஆறு காலணாவும் ஒரு வெள்ளி ரூபாயும்தான். ஆனாலும் பொழுது போவதே தெரியவில்லை!